இரண்டு வாய்க் கவளம்

அந்தக் கல்லில் உட்காராதீர்கள் ஐயா. அது யாளி முதுகு சொறிந்துகொள்கிற கல். உங்கள் பட்டு வேட்டி வீணாகிவிடும், பிறகு அரண்மனைக்குப் போய், அந்தக் கொற்றி மரியாதை தெரியாதவள் என்பீர்கள். இந்தப் பலகையில் உட்காருங்கள். துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கொட்டடியில் துடைக்காத பொருள் ஒன்று கிடையாது.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். சுற்றி வளைக்க வேண்டாம். பழைய அரசி போய்ச் சேர்ந்தார், மகன் பட்டத்துக்கு வந்தார், வந்ததும் வராததுமாக வீண்சோறு தின்கிறவர்கள் யார் யார் என்று பார்த்துவரச் சொல்லியிருக்கிறார். அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறாளே மாசாத்தி, அவள் யாளிக்குத் தேவையா இல்லையா என்று நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். தேவை என்றால் இங்கேயே கிடப்பாள். இல்லை என்றால் தீவுக்கு அனுப்பி, சுண்ணாம்புக் காளவாயில் தள்ளிவிடுவீர்கள். அங்கே போனவர்கள் ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை என்று கேள்வி. அவ்வளவுதானே விஷயம்?

என்னைக் கேட்டால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள் என்பேன். அவள் பாயை நானே சுருட்டிக் கொடுப்பேன். ஆனால் யாளி செத்துப்போகும். அப்புறம் புது ராஜா பட்டத்து ஊர்வலத்துக்கு எதன்மேல் ஏறுவார்? யாளிமேல் வராதவரை இந்த ஊர் ராஜா என்று ஒப்புக்கொள்ளாது. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மற்ற யாளிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போய், நாடு முழுக்கத் தேடினாலும் மிச்சம் இருப்பது இவன் ஒருவன்தான். அதோ, வெயிலில் மல்லாந்து கிடக்கிறானே, தும்பிக்கையை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு. உடம்பு சிங்கம், மூக்கு யானை, சோம்பல் மட்டும் எருமை. அரண்மனையில் அவனுக்குச் சிங்கவேழம் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதை அசைக்க மாட்டான். அவன் பெயர் பணியாரம்.

சிரிக்காதீர்கள். நான் வைக்கவில்லை. எல்லாம் அவள் வேலை.

எங்களை வளர்த்தது யாளிப் பள்ளி ஐயா. வெள்ளைச் சேலை கட்டிய மூத்தாள்கள் நடத்திய இடம். மணி அடித்தால் எழ வேண்டும். வரிசையில் நின்று நகத்தைக் காட்ட வேண்டும். அழுக்கு இருந்தால் பிரம்பின் விளிம்பால் முட்டியில் ஒன்று விழும். அதனால்தான் இன்றைக்கும் என் நகத்தைப் பாருங்கள். உங்கள் நகம்... சரி, விடுங்கள். அந்தப் பள்ளியில் வாரம் தவறாமல் அடி வாங்கியவள் மாசாத்திதான். தலை வாரமாட்டாள். இடுப்புக் கச்சையை முடிச்சுப் போடத் தெரியாது. அணிவகுப்புக்கு முன்னால் நான்தான் பின்னிவிட வேண்டும், நான்தான் கட்டிவிட வேண்டும். நான் இல்லாவிட்டால் அவள் போர்க்களத்துக்குக் கச்சை அவிழ்ந்துதான் போயிருப்பாள். நன்றி? அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாது. "இறுக்காதடி, மூச்சு முட்டுது" என்பாள். அதுதான் நன்றி.

எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் குட்டியைக் கொடுத்தார்கள். கொடுத்த அன்றே மூத்தாள் தட்டிலிருந்த பணியாரம் மொத்தத்தையும் விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டது. இவள் முழங்கை வரைக்கும் அதன் வாய்க்குள் விட்டு எடுத்தாள். நான் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வால் பிடிப்பதும் ஒரு வேலைதான், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றிலிருந்து அவன் பணியாரம்.

இப்போது நீங்கள் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். யாளிக்குச் சோறு வைக்கிற முறை ஒன்று உண்டு. குட்டியிலிருந்தே இரண்டு பேர் கடித்த கவளத்தைத்தான் கொடுப்போம். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள் ஒரு பக்கம் ஒரு கடி, பின்னால் உட்கார்ந்து கொடி பிடிக்கிறவள் மறு பக்கம் ஒரு கடி, பிறகுதான் அதன் வாய்க்கு. ஏன் தெரியுமா? ஒருத்தியை விலைக்கு வாங்கி விஷம் வைத்துவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்து சாகச் சம்மதிக்க மாட்டார்கள். எந்தத் தளபதி மூளையில் உதித்ததோ, நல்ல யோசனைதான். வளர்ந்தபின் யாளிக்கு அதுவே பழகிவிடும். இரண்டு வாய் வாசனை இல்லாத கவளத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பட்டினி கிடந்து சாகும், தொடாது.

கவனித்தீர்களா? தொடாது. இதை அரண்மனையில் அப்படியே சொல்லுங்கள்.

முன்னால் உட்கார்ந்தவள் அவள். ஏன் அவள் என்று கேளுங்கள். நகம் சுத்தமாக இருந்தது எனக்கு, பாடம் ஒப்பித்தது நான், சத்தியப் பிரமாணம் பிழையில்லாமல் சொன்னது நான். ஆனால் யாளி அவள் முழங்கால் சொன்னதைத்தான் கேட்டது. சரி, கொடி பிடிப்பதும் கௌரவம்தான். அரசியின் கொடி. அதைக் கீழே விடாமல் பிடிப்பதற்கு ஒரு முதுகெலும்பு வேண்டும்.

சத்தியப் பிரமாணத்தன்று எங்கள் நாக்கில் உப்பை வைத்தார்கள். அரசியின் சொல்லே என் சொல் என்று இரண்டு பேரும்தான் சொன்னோம். அவளும் சொன்னாள். பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன். உப்புக் கரிக்குது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

பிறகுதான் மருதேரி.

அரசிக்கு வசந்த மாளிகையில் ஒரு தாமரைக் குளம் வேண்டியிருந்தது. ஒரு நாட்டையே ஆளுகிறவர் ஒரு குளத்துக்கு ஆசைப்படக் கூடாதா? மருதேரியின் தண்ணீரைத் திருப்பினால் குளம் நிறையும். மருதேரிக்காரர்கள் கொடுக்க மாட்டோம் என்றார்கள். நெல் காய்ந்துபோகும், பிள்ளைகள் சாகும் என்று எல்லா ஊர்க்காரர்களும் பாடுகிற பாட்டையே பாடினார்கள். அரசி பொறுமையாகத்தான் இருந்தார். ஒரு தடவை சொல்லி அனுப்பினார். இரண்டாவது தடவை எங்களை அனுப்பினார்.

ஏரிக்கரையை யாளிகள் முட்டி உடைக்க வேண்டும். அதுதான் கட்டளை. நாங்கள் முதல் வரிசை. பொழுது விடிந்து வெயில் ஏறிவிட்டது. கரைமேல் ஊரே நிற்கிறது. ஆண்கள் மண்வெட்டியோடு நின்றால் அதை எதிர்ப்பு என்று சொல்லலாம். இவர்கள் பெண்களை நிறுத்தியிருந்தார்கள், இடுப்பில் குடத்தோடு. ஏதோ தண்ணீர் எடுக்க வந்தவர்கள் போல. சரியான நாடகம். கொம்பு ஊதினார்கள். நான் கொடியை உயர்த்தினேன்.

பணியாரம் உட்கார்ந்துவிட்டான்.

நடந்து போகிற யாளி, போர்க்கவசம் போட்ட யாளி, முழுப் படைக்கும் முன்னால், பின்னங்காலை மடித்துப் பால்காரன் வீட்டு எருமை மாதிரி உட்கார்ந்துவிட்டது. அவள் முழங்கால் சொன்னது அது. நான் பின்னால் சரிந்த முதுகில், கொடியைப் பிடித்தபடி, வழுக்கிக்கொண்டிருக்கிறேன். யாளிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு ஐயா, முதல் யாளி செய்வதை மற்றதும் செய்யும். ஒவ்வொன்றாக எல்லாமே உட்கார்ந்தன. அரசி பல்லக்கின் திரையை விலக்கிப் பார்க்கிறார். தன் படை முழுதும் புல்தரையில் உட்கார்ந்திருக்கிறது. கரைமேலிருந்து எவளோ ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"என்னடி பண்றே?" என்றேன்.

"களைச்சுப்போயிட்டான்."

"பொய் சொல்லாத. எழுப்பு அவனை."

"அந்த ரெண்டாவது குடத்துக்காரியைப் பாரு, நிறைமாசம்."

"அதுக்கு?"

திரும்பிப் பார்த்தாள். என்னவோ என்னை முதல் தடவையாகப் பார்க்கிறது போல. "கொற்றி, நீ எறங்கிக்கோ" என்றாள்.

"நான் ஏன் எறங்கணும்?"

"இதுக்கு மேல நடக்கப்போறதுல உனக்குப் பங்கு வேண்டாம். எறங்குடி."

கேட்டீர்களா? என் யாளி. நான் வால் பிடித்து வளர்த்த யாளி. அதன்மேலிருந்து என்னை இறங்கச் சொல்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? கொற்றி, நீ என்ன சொல்கிறாய், நாம் என்ன செய்யலாம், நீயும் வருகிறாயா என்று கேட்டாளா? கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம். கேட்க வேண்டியது முறை. நான் இறங்கினேன். இறங்கிய மறுநொடி அவனை எழுப்பித் திருப்பி, முள்காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கொடியைத் தூக்கிக்கொண்டு தலைநகர் வரைக்கும் நடந்து வந்தேன். நடந்து. வழியெல்லாம் சனங்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தன், "அக்கா, யாளி எங்கே?" என்று கேட்டான். கொடிக்கம்பால் ஒன்று கொடுத்தேன்.

அரசி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய மண்டபம். நானும் அவரும் இரண்டு விசிறிக்காரிகளும். "அந்த மிருகம் உன் குரலுக்கு வருமா?" என்று கேட்டார்.

வரும் என்றேன். வேறு என்ன சொல்வது, பொய்யா?

"அப்படியானால் கூப்பிட்டு வா."

நான் ஒன்று கேட்டேன். மாசாத்தியின் தலையில் ஒரு முடி உதிரக் கூடாது என்று கேட்டேன். நன்றாகக் கவனியுங்கள், கேட்டது நான்தான். அவளுக்காக அரசியிடம் பேசியவள் இந்த நாட்டில் நான் ஒருத்திதான். உதிராது என்று வாக்குக் கொடுத்தார். "நன்று, வெற்றி" என்றும் சொன்னார். கொற்றி என்றுதான் சொல்ல வந்தார், ஆயிரம் கவலைக்கு நடுவில் நாக்குப் புரண்டுவிட்டது.

முள்காட்டு ஓரத்தில் ஒரு ஓடை. அவள் அங்கே தண்ணீர் மொள்ள வருவாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிற பழக்கம் எல்லாம் கிடையாது. அவள் மொண்டுகொண்டு போகும்வரை மறைந்திருந்தேன். பிறகு மறுகரையில் நின்று கூப்பிட்டேன். சத்தமாகக்கூட இல்லை. "பணியாரம், வா" என்றேன். அவ்வளவுதான்.

வந்தான். புதரைப் பிய்த்துக்கொண்டு வந்தான். பிடரி முழுக்க நாயுருவி, வயிறு ஒட்டிக் கிடந்தது. ஒரு வாரமாக யாரும் சீவிவிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. தும்பிக்கையை என் கழுத்தில் போட்டு, நாய்க்குட்டி மாதிரி ஊளையிட்டான். நான் எங்கே போயிருந்தேன் என்று கேட்கிறானாம். அப்படி ஒரு அசட்டுப் பிராணி. நான் என்ன கெட்டது செய்தேன்? கயிறு போடவில்லை. அடிக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், வந்தான். அரசியின் யாளியை அரசியின் கொட்டடியில் சேர்த்தேன். இதற்கு ஒரு பெண் எத்தனை வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் ஐயா?

கொட்டடியில் கவளம் உருட்டினேன். என் பக்கம் கடித்தேன். நீட்டினேன். முகர்ந்து பார்த்தான். திரும்பிக்கொண்டான்.

எனக்கு முறை மறந்துபோயிற்றா என்று கேட்கிறீர்களா? மறக்குமா? யாளிப் பள்ளியில் முதல் பாடமே அதுதான். நான் நினைத்தது என்னவென்றால், அவன் புரிந்துகொள்வான் என்று. யார் ஓடிப்போனவள், யார் ஒழுங்காக நின்றவள் என்று இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியாதா? தெரியவில்லை. மிருகம் மிருகம்தான். இரண்டு பக்கமும் நானே கடித்துப் பார்த்தேன். அவள் பழைய மேலாடையில் சுற்றி வைத்துப் பார்த்தேன். தும்பிக்கையால் அந்த மேலாடையை மட்டும் உருவிக்கொண்டு கவளத்தைத் தள்ளிவிட்டான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அப்புறம் எழுந்து நிற்பதையும் விட்டான். இனிமேல் கொன்று தந்தத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் சொன்னதாகக் காதில் விழுந்தது.

நான் அவளுக்கு ஆள் அனுப்பவில்லை. அப்படி யாராவது சொன்னால் பொய். மீன் சந்தைக்குப் போனேன். மருதேரிக்காரிகள் அங்கேதான் கூடை வைப்பார்கள். விரால் எப்படி என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே, பணியாரம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, இந்தப் பௌர்ணமி தாங்க மாட்டான் என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன்? என்னிடமே சொல்லிக்கொண்டேன். தனக்குத் தானே பேசுவது குற்றம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

மறுநாள் உச்சி வெயிலில் வந்தாள். பின்வாசல் வழியாகவா வந்தாள்? ராஜவீதியில் நட்டநடுவில், கையை வீசிக்கொண்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். காவலர்கள் நாலா பக்கமும் வளைத்துப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க வேணும்னாலும் வரேன், முதல்ல அவனுக்குச் சோறு" என்றாளாம். இங்கே, இதோ இந்த இடத்தில், நான் கவளத்தோடு நிற்கிறேன். அவள் கை பின்னால் கட்டியிருக்கிறது. நான் என் பக்கம் கடித்தேன். அவள் வாய்ப்பக்கம் நீட்டினேன். கடித்தாள். மெல்லும்போது என்னை நேராகப் பார்த்தாள். என்ன ஒரு பார்வை, நான் ஏதோ அவள் வீட்டுக்குத் தீ வைத்தது போல.

"இளைச்சுட்டான் பாரு" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே.

அவள் முகத்தை அவன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் சாப்பிட்டான். ஒரு அண்டா காலி. சாப்பிட்டுவிட்டு எங்கள் இருவர் தலையையும் மாற்றி மாற்றித் தடவினான். அவள் அழுதாள். நான் அழவில்லை, எனக்கு எள்ளுப் பிண்ணாக்குத் தூசு ஆகாது.

அரசி வாக்குத் தவறவில்லை. ஒரு முடி உதிரவில்லை. இந்த அறையில் பூட்டினார்கள், அவ்வளவுதான். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, கவளம் கடிக்கக் கூட்டி வருவோம். மழை ஒழுகாத கூரை, வேளைக்குச் சோறு, வாரம் ஒரு நாள் எண்ணெய். அவளுக்கு என்ன குறை? எண்ணெய் தேய்ப்பதும் தலை வாருவதும் இன்றைக்கும் நான்தான். அவளாக வாரிக்கொள்ள மாட்டாளே.

மருதேரியா? அந்த அறுப்பு முடிந்ததும் ஆட்களை விட்டுக் கரையைக் கடப்பாரை போட்டு உடைத்துவிட்டார்கள். ஆக, இவள் இத்தனை ஆட்டம் ஆடி அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு அறுப்பு. ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. சந்தையில் இப்போது அந்தக் கூடைக்காரிகளைக் காணோம். தாமரைக் குளம் வந்தது. தண்ணீர் நின்றது. தாமரைதான் பிடிக்கவில்லை, அந்த மண் அப்படி. அதற்கு அரசி என்ன செய்வார், பாவம்.

நானா? நான் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். என் கதவுக்குப் பூட்டு கிடையாது. எங்கே போவது? காலையில் கவளம், மாலையில் கவளம். தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போக முடியவில்லை. எல்லாம் இவளால்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை கிடையாது. நான் இந்தப் பக்கம் கடிக்கிறேன், அவள் அந்தப் பக்கம் கடிக்கிறாள். தலை வாரும்போது கேட்டால் பதில் இல்லை, வலிக்கிறதா என்றால் பதில் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், தண்ணீர் வேண்டுமா என்றால் சுவரைப் பார்க்கிறாள். சுவரோடு பேசுவாள், யாளியோடு பேசுவாள், பல்லியோடு பேசுவாள். இப்போதும் அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கேட்கட்டும். நான் ஒளித்துப் பேசுகிறவள் இல்லை.

என்ன? தோட்டக்காரனா? அவன் என்ன சொன்னான்? யாளி அவன் கையிலிருந்து பலாச்சுளை வாங்கித் தின்றதாகவா? ஐயா, அவன் விடிந்ததும் விடியாததுமாகக் கள்ளுக்கடையில் நிற்கிறவன். அவன் கண்ணுக்கு அவன் பெண்டாட்டியே யாளி மாதிரிதான் தெரிவாள். பல் விழுந்த யாளி கண்டதையும் தின்னும் என்று அவனுக்கு யார் சொன்னது? பள்ளியில் படித்தானா? நீங்கள் படித்த மனிதர், அரண்மனையில் உட்கார்கிறவர், ஒரு கள்ளுக்குடியன் பேச்சைக் கேட்டுக்கொண்டு...

மடியிலிருந்து என்ன எடுக்கிறீர்கள்?

கரும்பா? வேண்டாம் ஐயா. அவன் தொட மாட்டான். நான்தான் சொன்னேனே. வீணாகக் கையை நீட்டாதீர்கள், கடித்துவிட்டால் நான் பொறுப்பு இல்லை. பணியாரம், படு. படுடா. எழுந்திருக்காதே. இங்கே பார், என்னைப் பார்...

சாப்பிட்டுவிட்டான்.

சரி. சாப்பிட்டுவிட்டான். இப்படி வெற்றி பெற்ற மாதிரி பார்க்காதீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கரும்பின் அடுத்த நுனி ஈரமாக இருந்ததே. வழியில் கடித்துக்கொண்டு வந்தீர்களா? கடித்தீர்கள். மறைக்க வேண்டாம், மீசையில் சக்கை ஒட்டியிருக்கிறது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டீர்கள். உங்கள் வாய் பட்ட கரும்பு அது. நீங்கள் சாதாரண ஆளா? அரண்மனை வாசனை. அவன் உங்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டான். இனி மூன்று வாய். எங்கள் இரண்டு கடி மட்டும் இருந்தால் இவன் திரும்பிக்கொள்வான். பட்டத்து ஊர்வலத்தில் ராஜாவை முதுகில் வைத்துக்கொண்டு நடுவீதியில் மயங்கி விழுவான். விழுந்தால் யார் காரணம் என்று கேட்பார்கள். நான் பொய் சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்லிவிடுவேன்.

ஆக, நீங்கள் இங்கேயே தங்க வேண்டியதுதான். பக்கத்து அறை காலியாக இருக்கிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சிரமம் இல்லை. இதோ, இந்த அண்டாவைப் பாருங்கள், இப்போதே ஆரம்பித்துவிடலாம். கேழ்வரகு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தலை, மேலே விளக்கெண்ணெய். வாயைத் திறங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அவன் கோபித்துக்கொள்வான். இந்த ஓரமாக ஒரு கடி கடித்தால்...

யார் அது?

யார் பேசியது? நீங்களா பேசினீர்கள்? இல்லை, பெண் குரல். கதவுக்குப் பின்னாலிருந்து.

நீங்களும் கேட்டீர்களா? என்ன சொன்னாள்? எனக்குக் கேட்டது, ஆனாலும் நீங்கள் சொல்லுங்கள். "மூணாவது ஆளுக்கு ஓரம் கெடையாதுடி, நடுக்கடி. எண்ணெ ஊறின எடம். அதைச் சொல்லாம என்னத்தச் சொல்றே." அப்படித்தானே சொன்னாள்? டி போட்டுத்தானே?

ஆமாம் ஐயா. அவள் சொல்வது சரி. நடுக்கடி. நான் மறந்துவிட்டேன். எண்ணெய் ஊறின இடம்தான்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இருவர் போதுமா? ராஜாவிடம் அப்படியே சொல்கிறீர்களா? கைதி தேவை, இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் கொட்டடிப் பக்கம் வரக் கூடாது என்று. ஊர்வலத்துக்கு மட்டும் இல்லை, யாளி உயிரோடு இருக்கும்வரை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியானால் உடனே கிளம்புங்கள். உங்கள் வாசனை அவன் மூக்கில் ஊறுவதற்கு முன்னால் வாசலைத் தாண்டிவிட்டால், மாலைக்குள் மறந்துவிடுவான். ஓடாதீர்கள். ஓடினால் துரத்துவான். மெதுவாக. செருப்பை விட்டுவிட்டுப் போகிறீர்களே, சரி, பிறகு கொடுத்து அனுப்புகிறேன்.

போய்விட்டார். இந்த ஆளை நம்பி ஒரு ராஜாங்கம் நடக்கிறது.

ஏய். இத்தனை வருஷம் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருந்தவள், திறந்ததும் என்னைத் திருத்தத்தான் திறக்க வேண்டுமா? அருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ பேசாமல் இருந்திருந்தாலும் அவர் ஓடியிருப்பார். உன்னால் எனக்கு விட்டுக் கொடுக்கவே முடியாது.

இல்லை, இல்லை. பேசு. பேசாதே என்று யார் சொன்னது?

என்ன? சத்தமாகச் சொல். கதவு தடிமன், காதில் விழவில்லை. ஏன் கூப்பிட்டேன் என்றா? அன்றைக்கு ஓடைக்கரையிலா?

இதைக் கேட்க இப்போதுதான் உனக்கு வேளை வந்ததா? கவளம் காய்கிறது. அவன் வேறு கரும்பு ருசியில் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். இத்தனை நாள் தலை வாரினேன், எண்ணெய் வைத்தேன், எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? அப்போதே கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் மாசாத்தி. அப்போது என்னிடம் பதில் இருந்தது.